நீதித்துறையைச் சீர்ப்படுத்த ஓர் ஆணைக்குழு: கமரனின் அறிக்கையும் 1833ஆம் ஆண்டு நீதிப் பட்டயமும்

மாணவர்களே! கோல்புறூக் – கமரன் என்றதும் உங்களில் அநேகர் ஐந்து மாகாணங்கள், சட்டநிரூபண சபை, இராசகாரிய ஒழிப்பு ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் எழுதி முடித்துவிடுவீர்கள். அவை மூன்றும் சரியானவையே. ஆயினும் அவை கோல்புறூக்கின் பங்கைச் சேர்ந்தவை. அவருடன் சேர்த்துச் சொல்லப்படும் கமரன் என்ன செய்தார் என்று கேட்டால் விடைத்தாளில் ஒரு வரியுடன் பேனா நின்றுவிடுகிறது. அந்த ஒரு வரியை ஒரு பக்கமாக்குவதே இவ்வலகின் நோக்கமாகும். புள்ளிகளுக்காக மட்டுமன்று, இன்று யாழ்ப்பாணத்திலோ மல்லாகத்திலோ பருத்தித்துறையிலோ உங்கள் வீட்டார் ஒரு காணி வழக்குக்காக நீதிமன்றப் படியேறினால், அப்படியை அமைத்தவர்களுள் கமரனும் ஒருவர் என்பதாலும் இதனைக் கற்க வேண்டியுள்ளது.

ஆணைக்குழு என்பது யாது?

முதலில் ஒரு தெளிவு வேண்டும். ஆணைக்குழு சட்டம் ஆக்குவதில்லை. அது விசாரிக்கும், சான்றுகளைத் திரட்டும், அறிக்கை எழுதும், விதந்துரைக்கும். அவ்விதப்புரைகளை ஏற்பதும் விடுவதும் அதனை நியமித்த அரசாங்கத்தின் கையில் உள்ளது. ஏற்றுக்கொண்டால் பட்டயம், கட்டளைச் சட்டம், யாப்பு என ஏதேனும் ஒரு சட்டக் கருவி மூலம் அது நடைமுறைக்கு வரும். “கமரன் மாவட்ட நீதிமன்றங்களை அமைத்தார்” என்று எழுதுவதைக் காட்டிலும் “கமரனின் விதப்புரைக்கமைய 1833ஆம் ஆண்டு நீதிப் பட்டயத்தினால் மாவட்ட நீதிமன்றங்கள் அமைக்கப்பட்டன” என்று எழுதுவதே பொருத்தமானது. பரீட்சகர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பார்.

1823இல் பிரித்தானிய அரசு நன்னம்பிக்கை முனை, மொரிசியஸ், இலங்கை ஆகிய மூன்று குடியேற்றங்களின் நிலைமையையும் ஆராய ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. இதற்குக் கருணை மட்டும் காரணமன்று. இலங்கையில் அரசாங்கத்தின் செலவு வரவை மிஞ்சிக்கொண்டிருந்தது. கரையோரத்துக்கு ஒரு நிருவாகம், கண்டிக்கு இன்னொரு நிருவாகம் என இரட்டைச் செலவு நடந்தது. ஆகவே பணக்கணக்கே ஆணைக்குழுவைக் கப்பலேற்றியது எனலாம். படைத்துறை அதிகாரியான வில்லியம் கோல்புறூக் 1829இல் இலங்கையை வந்தடைந்தார். நீதித்துறையை ஆராய்வதற்கெனச் சட்டத்தரணியான சார்ள்ஸ் ஹே கமரன் 1830இல் வந்து சேர்ந்தார். இருவரும் அலுவலர்களை விசாரித்தனர், மக்களின் மனுக்களைப் பெற்றனர், 1831இல் திரும்பிச் சென்றனர். நீதி நிறுவனங்கள் பற்றிய கமரனின் அறிக்கை 1832 சனவரியில் கையளிக்கப்பட்டது. 1829 வருகை, 1832 அறிக்கை, 1833 நடைமுறை. இம்மூன்று ஆண்டுகளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கமரன் வருமுன் இருந்த நிலை

வலிகாமத்தில் ஒரு தோட்டக்காரரைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். ஆண்டு 1825 என வைத்துக்கொள்வோம். பங்குக் கிணற்றில் அவருக்குரிய இறைப்பு முறையை அயலவர் மறுக்கிறார். (யாழ்ப்பாணத்து வேலிச் சண்டைக்கும் கிணற்றுப் பங்குச் சண்டைக்கும் நூற்றாண்டுகள் வயதுண்டு; இதைப் படிக்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வந்தால் உங்கள் ஒழுங்கையிலும் ஒன்று நடக்கிறது என்று பொருள்.) அவர் எங்கே போவார்?

சிறு வழக்காயின் அமர்வு நீதவானிடம் போக வேண்டும். அதனிலும் பெரிதாயின் மாகாண நீதிமன்றம். அங்கே இருப்பவர் சட்டம் பயின்றவர் அல்லர். சிவில் சேவையைச் சேர்ந்த ஓர் ஆங்கில அலுவலர். பல இடங்களில் வரி திரட்டுபவரும் தீர்ப்புச் சொல்பவரும் ஒருவராகவே இருந்தனர். இரு பதவிகளும் பிரிந்திருந்த இடங்களிலும் இருவரும் ஒரே சேவையினர், ஒரே தேசாதிபதியின் கீழ் பதவி உயர்வை எதிர்பார்த்திருந்தவர்கள். தோட்டக்காரரின் முறைப்பாடு அயலவர் மீதன்றி வரி அறவிடும் அலுவலர் மீதே இருந்தால் நிலைமை என்னவாகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

1801ஆம் ஆண்டுப் பட்டயத்தின்படி கொழும்பில் ஓர் உயர் நீதிமன்றம் இருந்தது. அங்கே சட்டம் பயின்ற நீதியரசர்கள் இருந்தனர். கரையோர மாகாணங்களின் பாரிய குற்ற வழக்குகளை அது விசாரித்தது. ஆனால் குடியியல் வழக்குகளைப் பொறுத்தவரை அதன் கதவு பெரும்பாலும் ஐரோப்பியருக்கே திறந்திருந்தது. 1815இல் பிரித்தானியர் வசமான கண்டிய மாகாணங்களுக்கு அந்த நீதிமன்றத்தின் அதிகாரம் செல்லவேயில்லை. அங்கு தேசாதிபதியின் கீழான தனி ஏற்பாடு ஒன்று நடைமுறையிலிருந்தது. ஆக ஒரே தீவில், ஒரே முடியின் கீழ், ஆளின் இனத்தையும் வாழும் இடத்தையும் பொறுத்து நீதிமன்றம் மாறியது.

இதில் ஒரு விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும். பிரதம நீதியரசராயிருந்த அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் முயற்சியால் 1811 முதல் குற்ற வழக்குகளில் யூரர் முறை நடைமுறைக்கு வந்தது. பதின்மூன்று பேர் கொண்ட யூரர் சபையில் நாட்டு மக்களும் அமர்ந்தனர். ஆசியாவில் ஒரு குடியேற்ற நாட்டில் இது புதுமையானதே. எனவே “கமரனுக்கு முன் எதுவுமே இருக்கவில்லை” என்று எழுதிவிடாதீர்கள்.

கமரன் யார்?

ஜெரமி பெந்தம் என்ற ஆங்கிலச் சிந்தனையாளரைப் பின்பற்றியவர் கமரன். பெந்தத்தின் பார்வையில் சட்டம் என்பது மக்களுக்குப் பயன்பட வேண்டிய ஒரு கருவி. அது எளிதாக, மலிவாக, எல்லோருக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். இங்கிலாந்தின் பழைய நீதிமன்றங்களில் இதனைச் செய்துபார்ப்பது கடினம். அங்கே ஒவ்வொரு மாற்றத்துக்கும் நூறு எதிர்ப்பு. இலங்கை போன்ற ஒரு குடியேற்றத்திலோ ஒரு பட்டயத்தினால் முழு அமைப்பையும் மாற்றிவிடலாம். எதிர்ப்புச் சொல்ல மக்களுக்கு மன்றமில்லாதிருந்ததும் அந்த வசதிக்கு ஒரு காரணம் என்பதை மறக்கக் கூடாது.

பின்னர் கமரன் இந்தியாவுக்குச் சென்று, மெக்காலேயுடன் அந்நாட்டுச் சட்ட ஆணைக்குழுவில் பணியாற்றினார். அவ்வாணைக்குழு வரைந்த தண்டனைச் சட்டக்கோவை 1860இல் இந்தியாவில் சட்டமாயிற்று. அதனைப் பெரிதும் தழுவியதே இலங்கையின் 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவை. முதுமையில் கமரன் மீண்டும் இலங்கைக்கு வந்து மலைநாட்டில் வாழ்ந்து 1880இல் காலமானார். அவரது மனைவி யூலியா மார்கரெட் கமரன் உலகப் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர். இது பரீட்சைக்கு வராது, தெரிந்துவைத்திருப்பதில் நட்டமுமில்லை.

1833 நீதிப் பட்டயம்

1833 பெப்ரவரியில் வழங்கப்பட்ட இப்பட்டயம் அதே ஆண்டு ஒக்டோபர் முதல் செயற்பட்டது. அப்போது தேசாதிபதியாக இருந்தவர் றொபேட் வில்மட் ஹோர்ட்டன். பட்டயம் பழைய மாகாண நீதிமன்றங்களையும் அமர்வு நீதவான் நீதிமன்றங்களையும் கண்டிய நீதி ஏற்பாட்டையும் ஒருசேர நீக்கியது. அவற்றின் இடத்தில் மாவட்ட நீதிமன்றங்கள் வந்தன. குடியியல் வழக்கு எதுவாயினும், வழக்காளி ஐரோப்பியராயினும் தமிழராயினும் சிங்களவராயினும், முதலில் செல்ல வேண்டிய இடம் அதுவே. கமரனின் திட்டத்தில் மிக ஆழமான மாற்றம் இதுதான் என்பது என் கருத்து. ஐந்து மாகாணங்கள் வரைபடத்தில் தெரியும். இது வரைபடத்தில் தெரியாது.

மாவட்ட நீதிபதி தனியே அமரவில்லை. அவ்விடத்து மக்களிலிருந்து தெரிவுசெய்யப்பட்ட மூவர் அவருடன் துணையாளராக அமர்ந்து வழக்கைக் கேட்டு அபிப்பிராயம் கூறினர். முடிவு நீதிபதியுடையதே. எனினும் ஊர் வழக்கம் அறிந்த மூவர் பக்கத்தில் இருந்து கேட்கிறார்கள் என்பது ஓர் அந்நிய நீதிபதிக்குக் கடிவாளமாகும் என்று கமரன் கருதினார்.

குற்ற வழக்குகளில் மாவட்ட நீதிமன்றத்துக்கு எல்லை விதிக்கப்பட்டது. பன்னிரண்டு மாதச் சிறை, 10 பவுண் குற்றப்பணம், 100 கசையடி என்பவற்றுக்கு மேல் அது தண்டனை வழங்க முடியாது. (கசையடி என்பதைப் படித்துவிட்டுக் கடந்து போகாதீர்கள். மனிதாபிமானச் சீர்திருத்தம் என்று புகழப்பட்ட பட்டயத்திலேயே அது இருந்தது.) அதற்கு மேற்பட்ட குற்றங்களைப் பிரதம நீதியரசரும் வேறு இரு நீதியரசர்களும் கொண்ட உயர் நீதிமன்றம் யூரர் சபையுடன் விசாரித்தது. உயர் நீதிமன்றம் கொழும்பிலேயே குந்தியிருக்காமல் சுற்றுலா நீதிமன்றமாக யாழ்ப்பாணம் முதலிய இடங்களுக்கு வர வேண்டியதாயிற்று. மேன்முறையீடுகளையும் அதுவே கேட்டது. 500 பவுணுக்கு மேற்பட்ட பெறுமதியுள்ள குடியியல் வழக்காயின் இலண்டனில் கோமறைக் கழகத்துக்கும் போகலாம். அந்த இலண்டன் வழி 1971 வரை திறந்திருந்தது.

சொற்களில் ஓர் எச்சரிக்கை. இலங்கையில் ‘உயர் நீதிமன்றம்’ என்பது நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றம். அதற்குக் கீழே மேன்முறையீட்டு நீதிமன்றமும், அதன் கீழ் மேல் நீதிமன்றமும் உள்ளன. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் ‘உயர் நீதிமன்றம்’ என்பது மாநில அளவிலான நீதிமன்றத்தைக் குறிக்கும். அங்கே உச்சியில் இருப்பது ‘உச்ச நீதிமன்றம்’. இந்தியத் தொலைக்காட்சி பார்த்துவிட்டு விடைத்தாளில் அச்சொல்லை எழுதுவோர் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

தேசவழமைக்கு என்ன நேர்ந்தது?

நீதிமன்றங்கள் ஒன்றாக்கப்பட்டன. ஆனால் சட்டங்கள் ஒன்றாக்கப்படவில்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களை ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்தார். அது தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டு அவர்களால் ஏற்கப்பட்டது. பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தினால் அதற்குச் சட்ட வலு அளித்தனர். முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என நம் வீடுகளில் இன்றும் புழங்கும் சொற்கள் அதில் உள்ளன. 1833க்குப் பின்னரும் யாழ்ப்பாண மாவட்ட நீதிபதி ஒரு சீதன வழக்கில் தேசவழமைப்படியே தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது.

இங்கேதான் சிக்கல் தோன்றியது. நீதிபதி ஆங்கிலேயர், நீதிமன்ற மொழி ஆங்கிலம், சட்டமோ தமிழர் வழக்கம். சாட்சி தமிழில் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலமாக்க, நீதிபதி அதனைத் தமக்குத் தெரிந்த ஆங்கிலச் சட்டக் கருத்தோடு பொருத்திப் பார்த்து எழுதினார். மொழிபெயர்ப்பாளரின் ஒரு சொல் பிசகினால் ஒரு பெண்ணின் சீதனக் காணி கை மாறிவிடும். தீர்ப்புகள் குவியக் குவிய, வழக்கம் என்பது ஊர்ப் பெரியவர்களின் நினைவிலிருந்து நகர்ந்து சட்டத்தரணிகளின் ஏட்டுக்குப் போயிற்று. எச். எப். முத்துக்கிருஷ்ணா 1862இல் தேசவழமையை அது பற்றிய நீதிமன்றத் தீர்ப்புகளுடன் சேர்த்து வெளியிட்ட நூல் இந்த மாற்றத்தின் அடையாளமாகும். பின்னர் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகளும் வழியுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டம் அதன் பல பகுதிகளை மாற்றியது. விவாகமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் பெற வேண்டும் என்பது அச்சட்டத்தில் இருந்த ஏற்பாடு. அது சமத்துவத்துக்கு முரணானது என்ற விமர்சனம் நீண்டகாலமாக உண்டு. குடியியற் கல்வியில் ‘சட்டத்தின் முன் யாவரும் சமம்’ என்ற பாடத்துக்கு இதனை உதாரணமாகப் பயன்படுத்தலாம்.

எவை நிறைவேறவில்லை?

கமரன் நிருவாகத்தையும் நீதியையும் பிரிக்க விரும்பினார். காகிதத்தில் பிரிந்தன. நடைமுறையில் மாவட்ட நீதிபதிப் பதவிகளுக்குச் சட்டப் பயிற்சியில்லாத சிவில் சேவையாளர்களே தொடர்ந்தும் அனுப்பப்பட்டனர். வட மாகாணத்தில் டைக் போன்ற அரசாங்க அதிபர்கள் பல தசாப்தங்கள் ஒரே பதவியிலிருந்து பெரும் செல்வாக்குச் செலுத்தினர். ஒவ்வொரு சிறு கடன் வழக்கையும் மாவட்ட நீதிமன்றமே கேட்க வேண்டியிருந்ததால் வழக்குகள் தேங்கின. பத்தாண்டுகள் கழித்து, 1843இல், சிறு குடியியல் வழக்குகளுக்குக் கோரிக்கை நீதிமன்றங்களும் சிறு குற்றங்களுக்குப் பொலிஸ் நீதிமன்றங்களும் அமைக்கப்பட்டன. கமரன் அகற்றிய பல அடுக்குகளில் சில வேறு பெயரில் திரும்பி வந்தன எனலாம். 1871இல் கிராம மட்டத்தில் நீதி வழங்கும் மன்றங்களுக்கும் சட்டம் இடமளித்தது. ஊர்ப் பிணக்கை ஊரிலேயே தீர்க்கும் எண்ணம் பின்னர் 1958இல் இணக்க சபைகளாகவும், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தினால் இன்றுள்ள மத்தியஸ்த சபைகளாகவும் உருவெடுத்தது.

நீதிபதியின் சுதந்திரத்தைப் பொறுத்தவரை முக்கியமான அடி 1947இலேயே வைக்கப்பட்டது. சோல்பரி யாப்பின்படி அமைந்த நீதிச்சேவை ஆணைக்குழுவுக்குக் கீழ்நிலை நீதிமன்ற நீதிபதிகளை நியமித்தல், இடமாற்றல், ஒழுக்காற்று நடவடிக்கை எடுத்தல் ஆகிய அதிகாரங்கள் வழங்கப்பட்டன. பிரதம நீதியரசர் அதன் தலைவர். இது கமரனின் ஆணைக்குழுவைப் போன்ற விசாரணைக் குழுவன்று, நிரந்தர நிறுவனம். ‘ஆணைக்குழு’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வழங்குவதால் மாணவர் மயங்குகின்றனர். 1969ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட சட்ட ஆணைக்குழு மூன்றாவது வகை: சட்டங்களை மீளாய்வு செய்து திருத்தங்களைப் பிரேரிப்பது.

மொழிப் பிரச்சினைக்கு விடை இன்னும் பிந்தியே வந்தது. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தத்துடன் வடக்குக் கிழக்கில் தமிழ் நீதிமன்ற மொழியாகவும் பதிவேட்டு மொழியாகவும் யாப்பில் உறுதிப்படுத்தப்பட்டது. நமது கற்பனைத் தோட்டக்காரரின் பேரனின் பேரன் தன் வழக்கைத் தன் மொழியில் வாசிக்க அவ்வளவு காலம் சென்றது.

அண்மைய உதாரணம் ஒன்று

ஆணைக்குழுவிலிருந்து சட்டம் வரையிலான பாதையை நம் காலத்திலும் காணலாம். இலங்கைச் சட்டப்படி, பிறர் காணியை ஒருவர் பத்து ஆண்டுகள் தடையின்றித் தன் ஆட்சியில் வைத்திருந்தால் அதற்கு உரிமை கோர முடியும். சாதாரண காலத்தில் இது நியாயமான விதி. ஆனால் யுத்தத்தினால் இடம்பெயர்ந்த ஒருவர் தன் காணிக்கு எல்லைக்கல் பார்க்கக்கூட வர முடியாதிருந்தார். அவர் விருப்பத்தால் விட்டுப்போனவரா? 2010இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் கையளித்த அறிக்கையில், இடம்பெயர்ந்தோரை இவ்விதி பாதிக்காதிருக்கச் சட்டம் வேண்டும் என விதந்துரைத்தது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை, யுத்தத்தினால் தம் உரிமையைக் கோர முடியாதிருந்தோர் விடயத்தில், அந்தப் பத்து ஆண்டுக் கணக்கில் சேர்க்காது விட ஏற்பாடு செய்தது. அறிக்கைக்கும் சட்டத்துக்கும் இடையில் ஐந்து ஆண்டுகள் கடந்தன. கமரனின் அறிக்கைக்கும் பட்டயத்துக்கும் இடையில் ஏறத்தாழ ஓர் ஆண்டு. இந்த வேறுபாடு ஏன் என்று வகுப்பில் விவாதியுங்கள். ஒரு குடியேற்ற ஆட்சி எவரையும் கேளாமல் விரைவாகச் செய்வதும், ஒரு பாராளுமன்றம் பலரையும் கேட்டு மெதுவாகச் செய்வதும் ஒன்றல்ல.

வினாவும் விடையும்

வினா: கமரனின் விதப்புரைகள் யாழ்ப்பாண மக்களின் நீதி பெறும் வாய்ப்பை எவ்வளவுக்கு மேம்படுத்தின என்பதை ஆராய்க.

‘ஆராய்க’ என்று கேட்டால் நன்மைகளை மட்டும் அடுக்குவது அரை விடை. இப்படித் தொடங்கலாம்: “1833ஆம் ஆண்டு நீதிப் பட்டயம் இனத்தின் அடிப்படையில் வேறுபட்டிருந்த நீதிமன்ற அமைப்பை நீக்கி, எல்லோருக்கும் பொதுவான மாவட்ட நீதிமன்றங்களை ஏற்படுத்தியது. எனினும் நீதிமன்ற மொழி ஆங்கிலமாக இருந்தமையாலும் நீதிபதிகளிற் பலர் சட்டம் பயிலாத சிவில் சேவையாளர்களாக இருந்தமையாலும் அதன் பயன் சாதாரண குடிமகனை முழுமையாகச் சென்றடையவில்லை.” இதன்பின் துணையாளர் மூவர், சுற்றுலாவாக வந்த உயர் நீதிமன்றம், தேசவழமை தொடர்ந்தமை, 1843இன் மாற்றம் ஆகியவற்றுள் உங்களுக்கு நன்கு தெரிந்த இரண்டை மட்டும் எடுத்து விரித்து எழுதுங்கள். நான்கையும் தொட்டு ஒன்றையும் விளக்காத விடைக்கு நான் குறைவாகவே புள்ளியிடுவேன்.

பயிற்சிக்காக:

அமர்வு நீதவான் நீதிமன்றத்துக்கும் மாவட்ட நீதிமன்றத்துக்கும் இடையிலான வேறுபாடுகள் இரண்டினைத் தருக.

விசாரணை ஆணைக்குழு, நீதிச்சேவை ஆணைக்குழு, சட்ட ஆணைக்குழு ஆகியவற்றின் பணிகளை வேறுபடுத்துக.

உங்கள் பிரதேசத்திலுள்ள மத்தியஸ்த சபை எங்கு, எந்நாளில் கூடுகின்றது, எவ்வகைப் பிணக்குகளை ஏற்கின்றது என்பதைக் கேட்டறிந்து ஒரு பக்கத்தில் எழுதுக. வீட்டில் பழைய காணி உறுதி இருந்தால் பெற்றோரின் அனுமதியுடன் அதனை வாசித்து, முதுசம், சீதனம் என்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று குறித்துக்கொள்க.